செல்வந்தர் ஓடிவிடுவரா?

செல்வந்தர்மீது வரியைக் கூட்டுக என்று எவரேனும் வாய் திறந்தால், மறுமொழி ஒன்று ஆயத்தமாக இருக்கிறது: “வரியைக் கூட்டினால் அவர்கள் நாட்டைவிட்டே போய்விடுவர், உள்ள வருவாயும் அற்றுவிடும்.” இவ்வச்சுறுத்தலில் உண்மை எவ்வளவு? கமக்காரரும் உத்தியோகத்தரும் இதனைச் சீர்தூக்கிப் பார்த்தல் வேண்டும். ஏனெனில், செல்வந்தர் கொடாது விட்ட வரியைச் சுமப்பவர்கள் அவர்களே.

செல்வந்தர் எவருமே போவதில்லை என்று நாம் கூற வரவில்லை. பிரான்ஸில் பத்து லட்சம் யூரோவுக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 75 வீத வரி விதிக்கும் முயற்சி எழுந்த 2012ஆம் ஆண்டில், நடிகர் ஜெரார் தெபார்தியூ பெல்ஜியத்தில் வீடு வாங்கினார்; 2013 ஜனவரியில் ருஷ்யக் குடியுரிமையும் பெற்றார். நோர்வேயில் செல்வவரி உயர்ந்த 2022ஆம் ஆண்டிலே, பெருந்தனவந்தர் ஷெல் இங்கே ரொக்கே சுவிற்சர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார். ஆனால், போனவர் செய்தியாவார், போகாதவர் செய்தியாவதில்லை.

அமெரிக்காவில் மாநிலம்விட்டு மாநிலம் செல்லத் தடை ஏதுமில்லை. வரியோ மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். சமூகவியலறிஞர் கிறிஸ்தோபல் யங்கும் அவர் தோழர்களும் பல ஆண்டு வரிப் பத்திரங்களை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட முடிவு யாது? ஆண்டுதோறும் மாநிலம் மாறியோர், பத்து லட்சம் டொலருக்கு மேல் உழைப்போரில் 2.4 வீதம், பொதுமக்களிலோ 2.9 வீதம். 2023ஆம் ஆண்டு தொடக்கம் மசசூசெற்ஸ் மாநிலம் அத்தகையோர்மீது 4 வீத மேல்வரி விதித்தது. முதல் முழு நிதியாண்டில் நூறு கோடி டொலரை எதிர்பார்த்த மாநிலத்துக்கு இருநூறு கோடிக்கு மேல் கிடைத்தது.

காரணம் எளிது. செல்வந்தனுக்கும் வேர் உண்டு. அவனது வணிகமும், வாடிக்கையும், உறவும், செல்வாக்கும் ஓரிடத்திலேயே ஊன்றியுள்ளன. அவன் உடல் போவதில்லை. பணம்தான் கடவுச்சீட்டின்றிக் கடல் கடக்கிறது. அஞ்ச வேண்டியது அதற்கே.

இனி நம் நாட்டைப் பார்ப்போம். 2019 டிசம்பரில் அரசாங்கம் பெறுமதிசேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாக்கியது. வருமான வரியையும் வெகுவாகக் குறைத்தது. அந்நியச் செல்வர் கப்பல் கப்பலாக வந்திறங்கினரா? இல்லை. திறைசேரிதான் வறண்டது. 2022 ஏப்ரலில் அந்நியக் கடனைச் செலுத்த இயலாதென்று நாடு கைவிரித்தது. வரிக்குறைப்பு அதன் ஒரே காரணமன்று; எனினும் பெருங்காரணங்களுள் ஒன்று.

அதன் பின்னர் தண்டம் இறுத்தவர் யார்? 2023 ஜனவரி முதல், மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வருமானத்துக்கு வரி தொடங்கி, படிப்படியாக 36 வீதம் வரை ஏறியது. சம்பளக்காரனின் வரி, சம்பளம் கைக்கு வருமுன்னரே கழிக்கப்படுகிறது. ஒளிக்க அவனுக்கு இடமில்லை. ரூபாய் சரிந்து, விலைவாசி விஷம்போல் ஏறிய வேளையில் இந்தச் சுமையும் சேர்ந்தது. நூற்றுக்கணக்கான வைத்தியர்கள் நாட்டைவிட்டுச் சென்றனர். 2025 ஏப்ரலில் அந்த எல்லை ஒன்றரை லட்சமாக உயர்த்தப்பட்டது. ஆயினும், போனவர் போனவரே.

ஆகவே, வரிக்கு அஞ்சி ஓடுபவர் உண்டு. அவர் பெருஞ்செல்வர் அல்லர். கல்வியொன்றே சொத்தாகக் கொண்ட நடுத்தர மக்களே ஓடுகின்றனர். ஓடவே இயலாதவன் ஒருவனும் உளன், அவனே கமக்காரன். வயலைப் பாய்போல் சுருட்டிக்கொண்டு அவன் சுவிற்சர்லாந்து போகவியலுமா? 2024 ஜனவரியில் 18 வீதமாக உயர்ந்த பெறுமதிசேர் வரி டீசலையும் தொட்டபோது, அவனது உழவு இயந்திரமும் வரி செலுத்தியது. கோடீஸ்வரனுக்கும் அதே வீதம், கூலிக்காரனுக்கும் அதே வீதம் என்பது சமத்துவமாகுமா?

நாம் கேட்பது பழிவாங்கலன்று, நீதி. பெருஞ்சொத்துக்கு வரி விதியுங்கள். பணம் களவாய் வெளியேறும் வாயில்களை முதலில் அடையுங்கள். அவ்வருவாயைக் கொண்டு சம்பளக்காரனின் சுமையையும், உணவுக்கும் எரிபொருளுக்குமான வரியையும் இறக்குங்கள். செல்வந்தன் போய்விடுவான் என்று அஞ்சி நடுங்கும் ஆட்சியாளர், வைத்தியனும் ஆசிரியனும் போவதைக் கண்டு ஏன் அஞ்சவில்லை? இவ்வினாவை, வாக்குக் கேட்டு வாசலுக்கு வருபவர் எவராயினும் அவரிடம் நம் மக்கள் கேட்பார்களாக.