பந்தின் முன் நிற்கும் பொழுது

கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை, ரொறன்ரோ நகரசபைக்குச் சொந்தமான கோல்ஃப் திடல் ஒன்றுக்கு நண்பர் ஒருவருடனும் அவருடைய பதினைந்து வயது மகனுடனும் சென்றிருந்தோம். எமக்கு அந்த ஆட்டம் கைவராது. பையைச் சுமந்து கூட நடப்பதே எமது பங்கு.

முதல்நாள் மாலை பயிற்சித் திடலில் அச்சிறுவன் அடித்த பந்துகளை நாம் கண்டிருந்தோம். ஒன்றன்பின் ஒன்றாக நேராகப் பறந்தன. ஆனால் ஞாயிறு காலை முதற் குழிக்கான பந்தை மரமுளையின்மேல் வைத்து அவன் நிமிர்ந்ததும், தந்தையார் பின்னால் நின்று தொடங்கினார். “தம்பி, தலையை அசைக்காதை. இடக்கையை மடக்காதை. பிடியை இறுக்காதை. இறக்கேக்கை இடுப்பு முதல் திரும்பவேணும்.” பையனின் உதடுகள் அவற்றை முணுமுணுத்தன. மட்டை உயர்ந்தது, இறங்கியது. பந்தின் உச்சியை உரசிவிட்டுச் சென்றது. பந்து பத்தடி உருண்டு புல்லில் நின்றது. மூன்றாவது குழியை அடைந்ததும் அவன் மட்டையைப் பையில் செருகிவிட்டு, “எனக்குப் போதும் அப்பா” என்றான்.

இரண்டு வேலை பார்த்து, பழைய மட்டைகள் வாங்கிக் கொடுத்து, ஞாயிறு உறக்கத்தையும் துறந்து வரும் தந்தை அவர். அவர் சொன்னவற்றில் பிழையானது எதுவுமில்லை. சொன்ன நேரமே பிழை.

உயர்ந்த மட்டை கீழிறங்கிப் பந்தைத் தொடுவதற்கு எடுக்கும் நேரம் ஏறத்தாழக் கால் விநாடி. அந்தக் கால் விநாடிக்குள் நான்கு கட்டளைகளை நினைத்து, ஒவ்வோர் உறுப்பையும் ஏவித் திருத்துவது எவராலும் இயலாது. பலநாட் பயிற்சியால் உடல் ஒரே அசைவாகக் கற்றுக்கொண்டதை மனம் துண்டுதுண்டாகப் பிரித்துப் பார்க்க முற்படும்போது அசைவு குலைகிறது.

இதனை முதலில் விரிவாக எழுதியவர்களுள் ஒருவர் அமெரிக்கரான ரிமோதி கல்வே. 1974இல் ரெனிஸ் குறித்தும் 1981இல் கோல்ஃப் குறித்தும் அவர் நூல்கள் எழுதினார். ஒவ்வொருவருக்குள்ளும் ஓயாது கட்டளையிடும் ஒருவனும், செய்யத் தெரிந்த ஒருவனும் இருக்கின்றனர் என்பது அவர் கருத்து. கட்டளையிடுபவனை அதட்டி அடக்க முடியாது. அவனுக்குச் சிறு வேலை கொடுக்கவேண்டும். ஆகவே மட்டை மேலே போய் நிற்கும் கணத்தில் ஒரு சொல், பந்தைத் தொடும் கணத்தில் மற்றொரு சொல் என வாய்விட்டுச் சொல்லும்படி தம் மாணவரைப் பழக்கினார். அச்சொற்களைச் சரியான கணத்தில் சொல்வதிலே மனம் ஈடுபட, உடல் தன் வேலையைச் செய்துகொண்டது.

பின்னர் உளவியலாளரும் இதனைப் பரிசோதித்தனர். சயன் பைலொக் என்பவரும் அவருடைய சகஆய்வாளரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், தேர்ந்த ஆட்டக்காரர்கள் பந்தைக் குழிநோக்கி உருட்டும்போது ஒருமுறை தம் வீச்சையே கவனிக்கும்படியும், மறுமுறை ஒலிநாடாவில் எழும் ஒலிகளைக் கவனிக்கும்படியும் கேட்கப்பட்டனர். தம் வீச்சைக் கவனித்தபோதே அவர்கள் அதிகம் தவறினர். ஆனால் 2004இல் வெளியான ஆய்வில், புதிதாகக் கற்பவர்களுக்கு வீச்சைக் கவனிப்பதே நன்மை பயந்தது என்பதும் தெரியவந்தது. எனவே நுட்பத்தைச் சிந்திப்பது குற்றமன்று. அதற்கென ஓர் இடமுண்டு என்பதே பாடம்.

அந்த இடத்தைக் கோடிட்டே காட்டினார், சுவீடன் நாட்டுப் பயிற்சியாளர் பியா நில்சன். அவரும் அமெரிக்கரான லின் மரியற்றும் பந்துக்குப் பின்னால் ஒரு கற்பனைக் கோடு வரையச் சொல்கின்றனர். கோட்டுக்கு அப்பால் நின்று காற்று, தூரம், மட்டை யாவற்றையும் யோசித்து முடிவு செய்யலாம். கோட்டைத் தாண்டிப் பந்தருகே வந்துவிட்டால் யோசனை இல்லை, ஆட்டம் மட்டுமே. நில்சனிடம் சுவீடன் தேசிய அணியில் பயின்ற அன்னிகா சோரன்ஸ்ராம், 2001 மார்ச்சில் 72 அடிகளுக்குரிய திடலை 59 அடிகளில் முடித்து, எல்.பி.ஜி.ஏ. போட்டிகளில் அறுபதுக்குக் கீழ் இறங்கிய முதற் பெண்ணானார்.

இவற்றை நண்பருக்கு எடுத்துரைக்க முற்பட்டபோது எமது நா தயங்கியது. காரணம் உண்டு. 1994ஆம் ஆண்டு, யாழ்ப்பாணத்தில் நாம் கற்பித்த பாடசாலையிலிருந்து ஒரு மாணவியைப் பேச்சுப்போட்டிக்கு அழைத்துச் சென்றோம். மின்சாரமற்ற அந்நாளில் குப்பி விளக்கொளியில் இருந்து மனனம் செய்தவள். வீட்டில் தடையின்றிப் பேசுவாள் எனத் தாயார் சொன்னார். மேடையேறுமுன் நாம் அவள் காதருகே குனிந்து, கையை எப்போது உயர்த்துவது, எங்கே நிறுத்துவது, லகர ளகரத்தை எப்படி ஒலிப்பது என்றெல்லாம் மீண்டும் நினைவூட்டினோம். மூன்றாவது வாக்கியத்தில் அவள் நின்றுபோனாள். இறங்கி வந்து அழாமல் சொன்னாள்: “சேர், நீங்கள் சொன்னதெல்லாம் நினைச்சுக்கொண்டு நிண்டன். பேச்சு மறந்துபோச்சு.”

அன்று அதனை அவளுடைய பயம் என்றே எண்ணினோம். பயந்தவர் நாமே என்பது வெகுகாலம் கழித்தே விளங்கியது. அவள் தவறிவிட்டால் எமது கற்பித்தல் பழுதாகிவிடுமே என்ற பயம், அக்கறை என்னும் வேடத்தில் அவள் காதில் ஏறியது.

இதனையும் சேர்த்தே நண்பரிடம் சொன்னோம். அவர் சிறிதுநேரம் பேசாதிருந்தார். பின்பு, “அப்ப நான் ஒண்டும் சொல்லக்கூடாதோ, மாஸ்ரர்?” என்று கேட்டார்.

சொல்லலாம். சனிக்கிழமை பயிற்சித் திடலில் முழங்கையையும் இடுப்பையும் வேண்டுமட்டும் திருத்தலாம். அதுவும் ஒரு நாளைக்கு ஒன்றாக. ஞாயிறு காலை பந்தின் முன் நிற்கும் பிள்ளையிடம் ஒரேயொரு கேள்வி போதும்: “தம்பி, எந்த மரத்தைப் பார்த்து அடிக்கப்போறாய்?” அவன் அந்த மரத்தைக் காட்டியபின் நாம் இரண்டடி பின்வாங்கி, வாய்மூடி நிற்கவேண்டும். கற்பித்தவர்க்கு அதுவே கடினமான பயிற்சி.