முதல் பீடி எத்தனை மணிக்கு?
அரசு மருத்துவமனைகளின் புகையிலை நிறுத்த மையங்களில் ஆலோசகர் தவறாமல் கேட்பது ஒன்று: காலையில் கண்விழித்த எத்தனை நிமிடத்தில் முதல் பீடி? அரை மணிக்குள் என்றால் நிக்கோட்டினின் பிடி இறுகியிருக்கிறது என்று பொருள். பிறகு, விடும் நாளைக் குறிக்கிறார்கள். தேவைப்பட்டால் நிக்கோட்டின் சூயிங்கம். அதைச் சாதாரண சூயிங்கம்போல் மென்றுகொண்டே இருக்கக் கூடாது; லேசாகக் கடித்துக் கன்னத்தில் ஒதுக்க வேண்டும். இதைச் சொல்லித்தரப் பொறுமையான ஆள் தேவை.

உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு இந்தியாவில் இம்மையங்கள் 2002-இல் தொடங்கின.

நோயாளி தானாகத் தேடிவரட்டும் என்று காத்திருப்பது தவறு. காசநோய், இதயப் பிரிவு மருத்துவர்களே கையோடு அனுப்பிவைக்க வேண்டும். கட்டணமில்லா உதவி எண் 1800-112-356 சிகரெட் பெட்டியிலேயே அச்சாகிறது. வெளிநோயாளி சீட்டிலும் அது இடம்பெறட்டும்.