மாதிரி வீடு பார்க்கப் போகும் சகோதரிகளுக்கு



கலியாணத்துக்குச் சேலை எடுக்கப் போனால் நாங்கள் நாலு கடை ஏறி இறங்குவோம். துணியைக் கசக்கிப் பார்ப்போம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். சாயம் போகுமா என்று இரண்டு தரம் கேட்போம். ஆனால் சீவியத்தில் ஒருமுறை கட்டப்போகிற வீட்டின் மாதிரியைப் பார்க்கப் போனால் மட்டும், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு விருந்தாளி போல ஒரு சுற்றுச் சுற்றி, "வடிவாய்த்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம்.

அண்மையில் வலிகாமம் வடக்கில் மீளக் குடியேறிய ஐந்து பெண்களை ஒரு மாதிரி வீடு பார்க்கக் கூட்டிச் சென்றேன். 1990 இல் ஊரை விட்டு ஓடி, நலன்புரி முகாமிலும் உறவினர் வளவிலும் காலம் கழித்து, காணி விடுபட்ட பிறகு திரும்பி வந்தவர்கள். எல்லோரும் முன் மண்டபத்தையும் மாபிள் பதித்த நிலத்தையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஓர் அக்காவை மட்டும் காணவில்லை. தேடிப் போனால் குசினிக்குள் நிலத்தில் சம்மணமிட்டு இருக்கிறா.

"என்னக்கா, தலை சுத்துதோ?" என்று கேட்டேன்.

"இல்லைப் பிள்ளை. இதுக்குள்ளை எங்கை இருந்து தேங்காய் திருவுறது எண்டு பாக்கிறன். கதவைத் திறந்தால் என்ரை முழங்காலிலை இடிக்குது" என்றா.

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று அந்த வீட்டை உண்மையாகப் பார்த்தவர் அவ ஒருவர்தான்.

சமூகவியல் படித்த காலத்தில், ஒரு வீட்டின் அமைப்பைப் பார்த்தாலே அந்தக் குடும்பத்தில் யாருக்கு எவ்வளவு இடம் என்று தெரிந்துவிடும் என்று படித்தேன். வருடத்தில் நாலு தரம் வரும் விருந்தாளிக்குப் பெரிய மண்டபம். நாள் முழுவதும் நிற்கும் பெண்ணுக்கு மூலையில் ஒரு சின்னக் குசினி. மாதிரி வீடுகளும் பெரும்பாலும் அப்படித்தான். அவை பார்ப்பதற்காகக் கட்டப்பட்டவை. நாங்களோ இருப்பதற்காகக் கட்டப் போகிறோம்.

2016 இல் நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். போரால் பாதிக்கப்பட்ட வடக்கு, கிழக்கு மக்களுக்கு 65,000 இரும்பு வீடுகள் பொருத்திக் கொடுப்பதாக அரசாங்கம் சொன்னது. யாழ்ப்பாணத்தில் மாதிரி வீடு அமைத்தும் காட்டினார்கள். ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா என்றார்கள். எங்கள் வெக்கைக்கு இது தாங்குமா, விறகடுப்பின் புகை எங்கே போகும், பழுதுபட்டால் ஊர் மேசனால் திருத்த முடியுமா, இந்தக் காசுக்கு எத்தனை கல்வீடு கட்டலாம் என்று பலர் கேட்டார்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியலாளர்களும் குறைகளை எடுத்துச் சொன்னார்கள். அந்தத் திட்டம் சொன்னபடி நிறைவேறவில்லை. கேள்வி கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இது எங்கள் கண்முன் நடந்த சான்று.

ஆகவே சகோதரிகளே, மாதிரி வீடு பார்க்கப் போகும்போது இவற்றை மறக்க வேண்டாம்.

காலையில் போகாதீர்கள். மத்தியானம் இரண்டு மணிக்குப் போங்கள். மின்விசிறியை நிற்பாட்டச் சொல்லி, கதவைச் சாத்திவிட்டுப் பத்து நிமிடம் இருந்து பாருங்கள். சோளகக் காற்று எந்த யன்னலால் வரும், கார்த்திகை மழையின் சாரல் எந்தப் பக்கம் அடிக்கும் என்று யோசியுங்கள். உங்கள் வளவில் வாசல் வேறு திசையில் அமைந்தால் எல்லாம் மாறிவிடும்.

ஓர் அளவு நாடா கொண்டு போங்கள். வீட்டிலேயே கட்டிலையும் அலுமாரியையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். காட்சிக்கு வைக்கும் கட்டில் சில வேளை சிறியதாக இருக்கும். அறை பெரிதாகத் தெரியும். வயதுபோன மாமியார் இரவில் மலசலகூடத்துக்குப் போக எத்தனை படி இறங்க வேண்டும் என்று எண்ணுங்கள்.

கிணற்றை மறக்காதீர்கள். குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான் எங்கள் குடிநீர். மலக்குழியில் விடுவது அந்தக் கல்லின் வெடிப்புகளால் கிணற்றுக்கு வந்துவிடும். மாதிரி வீட்டுப் படத்தில் உங்கள் கிணறு இராது. அத்திவாரம் வெட்ட முதல் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டுக் குழிக்கு இடம் காட்டச் சொல்லுங்கள்.

முக்கியமாக, "சொன்ன விலைக்குள் என்னென்ன அடக்கம்?" என்று கேளுங்கள். மாபிள், யன்னல் கம்பி, மின்சார வேலை, மலக்குழி, மதில் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

பிறகு, இரண்டு மாரி கண்ட ஒரு வீட்டுக்குப் போங்கள். அதே அமைப்பில் கட்டிக் குடியிருக்கும் பெண்ணிடம், "திரும்பக் கட்டுவதென்றால் எதை மாற்றுவீர்கள்?" என்று கேளுங்கள். 2012 இல் பெரிய அளவில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் புதிய வீட்டுக்கு 5,50,000 ரூபா கட்டங்கட்டமாகக் கொடுத்தார்கள். பல குடும்பங்கள் நன்றாகக் கட்டி முடித்தன. ஆனால் பக்கத்து வீட்டைப் பார்த்து அத்திவாரத்தைப் பெருப்பித்துக் கடன்பட்டவர்களும் உண்டு. நகையை அடகு வைத்து, நுண்கடன் எடுத்து, கிழமைக்குக் கிழமை கட்டுக்காசுக்கு ஒளித்துத் திரிந்த பெண்களை என் வேலையில் நிறையக் கண்டிருக்கிறேன். 2022 இல் சீமெந்தும் கம்பியும் விலையேறிய பிறகு பூசாத சுவரோடு நிற்கும் வீடுகளையும் காண்கிறேன்.

குசினிக்குள் இருந்த அக்கா என்ன செய்தா தெரியுமா? அடுத்த கிழமை மேசனையும் மகனையும் வளவுக்குக் கூப்பிட்டு, கயிறும் முளையும் வைத்து நிலத்தில் வீட்டை முழு அளவில் கீறச் சொன்னா. அதற்குள் நடந்து பார்த்தா, இருந்து பார்த்தா. குசினிக் கதவு மற்றப் பக்கம் திறக்க வேண்டும் என்றா. மகன் ஆசைப்பட்ட தூண் வைத்த முன்விறாந்தையைப் பிறகு பார்ப்போம் என்று நிற்பாட்டி, அந்தக் காசில் குசினியை நாலு அடி நீட்டினா.

"இருபத்தேழு வருசம் மற்றவை தந்த இடத்திலை ஒதுங்கி இருந்திட்டன், பிள்ளை. இதிலையாவது காலை நீட்டி இருக்க வேணும்" என்றா.

வீடு கட்ட இருக்கும் சகோதரிகளே, மாதிரி வீட்டுக்கு ஆண்களை மட்டும் அனுப்பிவிட்டு வீட்டில் நிற்காதீர்கள். நீங்களும் போங்கள். வெட்கப்படாமல் நிலத்தில் இருந்து பாருங்கள்.