பவளம் கட்டிய வேலி

மொரீஷியஸ் போய் வந்த புதுமணத் தம்பதி யாராவது உங்கள் தெருவில் இருந்தால், அவர்கள் எடுத்து வந்த படங்களைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். பத்துப் பேரிடம் கேட்டாலும் அதே படங்கள்தான். வடக்கே கிராண்ட் பே கடற்கரை, கிழக்கே மான் தீவு, ஷாமரேல் என்ற இடத்தில் ஏழு வர்ண மண்மேடு. எல்லாம் அழகுதான், நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் விருந்து வீட்டில் பாயசத்தை மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்து வரலாமா? இந்த வாரம் உங்களை அந்தத் தீவின் தெற்குக் கரைக்கு அழைத்துப் போகிறேன். கூட்டம் குறைவு, காட்சிக்குக் குறைவில்லை.

ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே மடகாஸ்கர் என்று ஒரு பெரிய தீவு இருக்கிறதல்லவா? அதற்கும் கிழக்கே சுமார் 800 கிலோமீட்டர் தள்ளி இந்து மகா சமுத்திரத்தில் கிடக்கிறது மொரீஷியஸ். நெடுக்கில் 65 கிலோமீட்டர், குறுக்கில் 45 கிலோமீட்டர். அவ்வளவுதான். எரிமலை கக்கிய குழம்பு உறைந்து உண்டான தீவு. ஆகையால் பாறையெல்லாம் கன்னங்கரேல் என்று இருக்கும். அப்படியானால் கடற்கரை மணல் மட்டும் அரிசி மாவு மாதிரி வெளுத்திருப்பது எப்படி?

பதில் கடலுக்குள் இருக்கிறது. பவள உயிர்கள் என்று மிகச் சிறிய பிராணிகள். கடல் நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தங்களுக்குக் கூடு கட்டிக் கொள்கின்றன. தலைமுறை தலைமுறையாகக் கூட்டின் மேல் கூடு எழும்பி, தீவைச் சுற்றி ஒரு மதிலே உண்டாகிவிட்டது. சமுத்திரத்து அலை அந்த மதிலில் மோதி உடைகிறது. உள்ளே தண்ணீர் குளம்போல் நிற்கிறது. கிளிமீன்கள் பவளத்தைக் கொறித்துத் தின்று, மிச்சத்தை மணலாக வெளியே தள்ளுகின்றன. உடைந்த சிப்பியும் அதோடு சேர்ந்து கொள்கிறது. வெள்ளை மணலின் ரகசியம் இதுதான். கரையில் நின்று பார்த்தால், தூரத்தில் நுரை கட்டிய ஒரு வெள்ளைக் கோடு தெரியும். அதுவே வேலி. வேலி உள்ள இடத்தில் கடல் வீட்டுப் பசு. இல்லாத இடத்தில் மதம் பிடித்த யானை. தெற்குக் கரையில் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

முதலில் மலை ஏறுவோம். பயப்படாதீர்கள், கார் மேலே வரை போகும். தீவின் தென்மேற்கில் பிளாக் ரிவர் பள்ளத்தாக்கு இருக்கிறது. 1994-ல் இதைத் தேசியப் பூங்காவாக ஆக்கினார்கள்; விஸ்தீரணம் 6,574 ஹெக்டேர். பிளேன் ஷாம்பேன் சாலையோரத்தில் ஒரு காட்சி மேடை உண்டு. அங்கே நின்றால் காலடியில் பச்சைப் பள்ளம், எதிரே வெள்ளிக் கம்பிபோல் அருவி, அதற்கும் அப்பால் மேற்குக் கடல். நீண்ட வால் கொண்ட வெள்ளைப் பறவைகள் பள்ளத்தின் மேல் வட்டமிடும். மேலே குளிரும், சாரலும் உண்டு. குழந்தைகளுக்கு ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். இந்த மலைகளில் பெய்யும் மழைதான் ஆறாகிக் கடலுக்கு ஓடுகிறது. பவளத்துக்கு நல்ல தண்ணீரும் ஆகாது, வண்டலும் ஆகாது. ஆகவே ஆறு கடலில் விழுகிற இடங்களில் வேலியில் இடைவெளி விழுந்துவிடும். மீனவர்களின் படகுகளுக்கு அதுவே வாசல்.

மலையிலிருந்து இறங்கித் தென்மேற்கு முனைக்கு வந்தால், கடலோரத்தில் ஒரே கல்லாய் எழுந்து நிற்கிறது லெ மோர்ன். உயரம் 556 மீட்டர். அடிமைகளாகக் கொண்டு வரப்பட்டவர்கள் எஜமானர்களிடமிருந்து தப்பி ஓடி, இதன் குகைகளிலும் உச்சியிலும் ஒளிந்து வாழ்ந்தார்கள். 1835-ல் அடிமை முறை ஒழிந்த செய்தியைச் சொல்லப் போலீஸார் மலைக்கு வந்தார்களாம். பிடிக்க வருகிறார்கள் என்று நினைத்துப் பலர் உச்சியிலிருந்து குதித்து உயிரை விட்டார்களாம். இப்படி ஒரு கதை அந்த ஊரில் தலைமுறையாக வழங்குகிறது. 2008-ல் யுனெஸ்கோ இந்த மலையை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக் கொண்டது. அடிவாரக் கடலில் நீர்வீழ்ச்சி இருப்பதாகச் சொல்லி ஹெலிகாப்டரில் ஏற்றுவார்கள். நிஜத்தில் நீர்வீழ்ச்சி எதுவும் இல்லை. வேலியின் இடைவெளி வழியாக மணல் ஆழத்துக்குச் சரிகிறது. தெளிந்த தண்ணீரில் அது அருவிபோல் தோன்றுகிறது.

லெ மோர்னிலிருந்து கிழக்கே கடலை ஒட்டியே சாலை போகிறது. பே து காப் கிராமத்துக்குச் சற்று முன்னால் சாலை ஒரு பாறையைச் சுற்றி வளைகிறது. அந்தப் பாறைக்கு மகோந்த் என்று பெயர். படிகளில் ஏறினால் போதும். பவள வேலியின் அமைப்பு முழுவதும் கண்ணுக்குக் கீழே விரிந்துவிடும். கரையோரம் இளம்பச்சை, அப்பால் வெள்ளைக் கோடு, அதற்கும் அப்பால் கருநீலம். காசு கொடுத்து ஆகாயத்தில் பறக்க வேண்டிய அவசியமே இல்லை.

இந்தப் பே து காப் கரையில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. மாத்யூ ஃப்ளிண்டர்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமியின் நினைவாக நிறுவியது. ஆஸ்திரேலியாவை முழுக்கச் சுற்றி வந்து கடற்கரைப் படம் வரைந்தவர் அவர். 1801-ல் ஆன் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, மூன்றே மாதத்தில் கப்பல் ஏறிவிட்டார். வேலை முடிந்து ஊர் திரும்பும் வழியில், 1803 டிசம்பரில், ஒழுகுகிற கப்பலோடு இங்கே ஒதுங்கினார். அப்போது தீவு பிரெஞ்சுக்காரர்கள் கையில். பிரான்ஸுக்கும் இங்கிலாந்துக்கும் யுத்தம். அவரிடமிருந்த அனுமதிச் சீட்டோ வேறொரு கப்பலின் பெயரில் இருந்தது. கவர்னருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பிடித்து வைத்தார், ஆறு வருஷத்துக்கு மேல் விடவில்லை. கூடவே கடல் சுற்றிய டிரிம் என்ற பூனையும் இந்தத் தீவில்தான் காணாமல் போயிற்று. ஃப்ளிண்டர்ஸ் மனைவியின் முகத்தை மறுபடி பார்த்தது 1810-ல்! கணவர் ஆபீஸிலிருந்து ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாலே வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கிற நமக்கு, அந்த ஆன் அம்மாளின் ஒன்பது வருஷம் எப்படிக் கழிந்திருக்கும் என்று சொல்லவா வேண்டும்?

இன்னும் கிழக்கே போனால் ஸூய்யாக். தீவின் தென்கோடி ஊர். அதன் விளிம்பில் இருப்பது கிரி கிரி கடற்கரை. கிரி கிரி என்றால் மாந்திரீகம், தாயத்து என்று அர்த்தம். இங்கே வந்ததும் பவள வேலி அறுந்து போகிறது. நேர் தெற்கே அண்டார்டிகா வரை குறுக்கே நிலமே கிடையாது. அத்தனை தூரத்து அலையும் தடுப்பார் இல்லாமல் வந்து கறுப்புப் பாறையில் அறைகிறது. மேலே பசும்புல் தரை. சவுக்கு மரங்கள் காற்றில் ஊளையிடுகின்றன. கீழே இறங்கப் படியும் மணலும் இருக்கின்றன. ஆனால் தண்ணீரில் கால் வைப்பது அபாயம். எச்சரிக்கைப் பலகையைக் கவனியுங்கள். காலையில் குழந்தைகள் இடுப்பளவு தண்ணீரில் விளையாடிய அதே சமுத்திரம்தானா இது என்று தோன்றும். வேலியின் அருமை அந்த ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடும்.

அங்கிருந்து பாறை விளிம்போரமாகச் சிறிது தூரம் நடந்தால் 'அழும் பாறை'. அலை அடித்து விலகியதும், கல்லின் முகத்திலிருந்து நீர் வழிந்துகொண்டே இருக்கும். கவிஞர் ராபர்ட் எட்வர்ட் ஹார்ட்டின் முக ஜாடை அந்தப் பாறைக்கு இருப்பதாக ஊரார் சொல்வார்கள். அவர் கடைசிக் காலத்தில் வாழ்ந்த வீடு பக்கத்திலேயே இருக்கிறது. பவளக் கல்லால் கட்டியது. 1954-ல் அவர் காலமானார். பிறகு அதை மியூசியம் ஆக்கினார்கள்.

ஸூய்யாக்கைத் தாண்டி லெஸ்காலியே கிராமத்துக்கு வந்து, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே மண் பாதையில் போனால் இயற்கைப் பாலம் ஒன்றைப் பார்க்கலாம். பாறையை அலை குடைந்து குடைந்து, கறுப்புக் கல் வளைவு ஒன்றை மிச்சம் வைத்திருக்கிறது. கீழே கடல் கொதிக்கிறது. அக்கம் பக்கத்தில் லெ ஸூஃப்ளேர் என்று இன்னோர் இடம்; பாறைத் துவாரத்தின் வழியே கடல் நீரைப் பீய்ச்சி அடிக்கும். அரிப்பினால் இப்போது அதன் வேகம் குறைந்துவிட்டது. கடல் கொந்தளிக்கும் நாட்களில் மட்டும் பழைய வித்தையைக் கொஞ்சம் காட்டுகிறது. இரண்டு இடத்திலும் கைப்பிடிச் சுவரை எதிர்பார்க்காதீர்கள். பாலத்தின் மேல் ஏறிப் படம் எடுக்கும் ஆசையும் வேண்டாம்.

திங்கட்கிழமையாக இருந்தால் மாயேபூர்க் சந்தையைத் தவற விடாதீர்கள். லா பூர்தொனே என்ற கவர்னரின் பெயர் கொண்ட ஊர் அது. 1735-ல் வந்த அவர், புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்களை வரவழைத்தார். 1834-க்குப் பிறகு, அடிமைகளுக்குப் பதிலாகக் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் வந்து இறங்கினார்கள். பெரும்பாலோர் இந்தியர்கள், அவர்களில் நம்மவரும் உண்டு. காய்கறிக் கடையில் முருங்கைக் கீரையைக் காட்டிப் பெயர் கேளுங்கள். 'பிரேத் முரூம்' என்பார்கள். பீர்க்கங்காய் அங்கே 'பிப்பங்காய்'. ரசம் 'ராஸோன்'. வாங்கியதற்குக் கொடுக்கிற ரூபாய் நோட்டையும் உற்றுப் பாருங்கள். அதில் தமிழ் எழுத்து இருக்கும்.

சந்தையிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம், புவான்த் தெஸ்னி கடற்கரை. இங்கே மறுபடி வேலி வந்துவிடுகிறது, கடல் சாதுவாகிவிடுகிறது. அடுத்தாற்போல் புளூ பே. 2000-ல் இதைக் கடல் பூங்காவாக அறிவித்தார்கள். அடியில் கண்ணாடி பதித்த படகில் உட்கார்ந்தால், சேலை நனையாமலே பவளத் தோட்டத்தைப் பார்க்கலாம். வயதான மாமியாரையும் அழைத்துப் போகலாம்.

இவ்வளவு அமைதியான இந்தக் கரைக்கு 2020-ல் ஒரு சோதனை வந்தது. ஜூலை 25-ஆம் தேதி 'வகாஷியோ' என்ற 300 மீட்டர் நீளக் கப்பல் நேரே வந்து இந்தப் பவள வேலியில் ஏறி நின்றுவிட்டது. ஆகஸ்ட் 6-ல் எண்ணெய் கசியத் தொடங்கியது. சுமார் 1,000 டன் கறுப்பு எண்ணெய் பச்சைத் தண்ணீரில் பரவி, அலையாத்தி மரங்களின் வேரில் அப்பிக் கொண்டது. அது கொரோனா சமயம். தீவே மூடிக் கிடந்தது. ஊர் ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. தோட்டங்களில் கிடந்த கரும்புச் சோகையை வண்டி வண்டியாகக் கொண்டு வந்து குவித்தார்கள். ஆணும் பெண்ணும் கடற்கரையில் உட்கார்ந்து, துணியைப் பை பையாகத் தைத்து, சோகையைத் திணித்து, மிதப்பதற்குக் காலி பாட்டில்களைக் கட்டி, கடலுக்குக் குறுக்கே நீளமான மிதவை வேலி போட்டார்கள். முடி எண்ணெயை உறிஞ்சும் என்று கேள்விப்பட்டுப் பலர் தலைமுடியை வெட்டிக் கொடுத்தார்கள். பவளம் எத்தனையோ காலமாக ஊரைக் காத்தது. அன்றைக்கு ஊசியும் நூலும் கொண்டு ஊர் பவளத்தைக் காக்க முயன்றது. எண்ணெயை முழுக்கத் தடுக்க முடியவில்லை. ஆனாலும் அந்தக் கைகள் வேலை செய்திராவிட்டால் சேதம் இன்னும் பெரிதாக இருந்திருக்கும்.

கப்பல் தினமும் வந்து மோதப் போவதில்லை. சூடேறும் கடல்தான் ஓயாத கவலை. நீர் அளவுக்கு மேல் சுட்டால் பவளம் நிறம் இழந்து வெளுக்கும். சூடு நீடித்தால் செத்தும் போகும். நம்மால் ஆவது சின்னக் காரியங்கள்தான். பவளத்தின் மேல் ஏறி நிற்காதீர்கள். பவளத் துண்டையும் சங்கையும் அலமாரிக்கு என்று பொறுக்கி வராதீர்கள்.

கடைசியாகச் சில குறிப்புகள். மே முதல் அக்டோபர் வரை வெயில் தணிந்திருக்கும். தெற்கே காற்று மட்டும் பலம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை உஷ்ணமும் புயலும் உள்ள காலம். தண்ணீரில் இறங்கும்போது ரப்பர் செருப்பு அவசியம்; கடல் முள்ளெலியும், விஷ முள் உள்ள கல் மீனும் மணலோடு மணலாகக் கிடக்கும். நம் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் தள்ளிக் கொள்ளுங்கள். கடற்கரையில் அன்னாசிப் பழத்தைச் சீவி, மிளகாயும் உப்பும் புளியும் தடவி விற்பார்கள். ஒன்று வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள்; ஊருக்கு வந்ததும் வீட்டிலும் செய்து பார்ப்பீர்கள்.