எங்க மணிக்கு ஊசி போட்டது பாவமா?

"ஏப்பா, பதினோரு வருசம் காவல் காத்த நாயை ஊசி போட்டுக் கொன்னுட்டியாமே? பாவமில்லையா?" டீக்கடையில பெரியப்பா முறை வேணும் ஒருத்தர் கேட்டார். அன்னைக்குப் பதில் சொல்ல வாய் வரல. இப்பச் சொல்றேன்.

மணிக்குப் போன தை மாசம் ராத்திரி இருமல் ஆரம்பிச்சது. தொண்டையில எலும்பு சிக்கிருச்சுன்னு நினைச்சேன். அப்புறம் வரப்புல நாலு எட்டு வச்சாலே உட்கார்ந்துரும். எக்ஸ்ரே எடுத்த டாக்டர், "இதயம் பெருத்து வலுவிழந்துருச்சுங்கய்யா. ரத்தத்தைத் தள்ள முடியாம நுரையீரல்ல நீர் கோக்குது. குணமாகாது, ஆனா மாத்திரையில கொஞ்ச காலம் நல்லா இருக்கும்" என்றார். நீர் வடிய ஃபுரோசிமைடு, இதயத்துக்கு வலுக் கொடுக்க பிமோபெண்டான்.

இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார். நாய் தூங்கும்போது ஒரு நிமிசத்துல நெஞ்சு எத்தனை தடவை ஏறி இறங்குதுன்னு எண்ணணும். 30-க்குள்ள இருந்தா நல்லது. தொடர்ந்து அதுக்கு மேல போனா உடனே டாக்டரைக் கூப்பிடணும். பால் கணக்கு நோட்டுலயே தினமும் எழுதி வந்தேன். 22, 24, 23. ஒன்பது மாசம் ஓடுச்சு.

புரட்டாசியில நடவு நேரம். ராத்திரி அது இருமினா எனக்கும் தூக்கம் கிடையாது. 'ஊசி போட்டுரலாமா'ன்னு ஒருநாள் தோணுச்சு. நோட்டைப் பார்த்தேன், 26. கஞ்சி குடிக்குது, வாலை ஆட்டுது. அப்ப அது என்னோட களைப்பு, அதோட வேதனை இல்லை. வெட்கமாப் போச்சு.

ஐப்பசியில 38, 44 என்று ஏறுச்சு. மருந்தைக் கூட்டியும் இறங்கல. படுத்தா மூச்சு முட்டும். முன்னங்காலை அகட்டி விடிய விடிய உட்கார்ந்தே இருந்தது. கறியைக்கூடத் தொடல. டாக்டர் சொல்லியும், 'தானா போகட்டும்'னு மூணு நாள் தள்ளிப் போட்டேன். தானா போறதுன்னா என்ன? கண்மாயில முங்குறவனைக் கரையில நின்னு பார்க்கிற மாதிரிதான் அது.

நம்ம மதுரையில 1921-ல் அரையாடைக்கு மாறினாரே காந்தி, அவரே 1928-ல் சபர்மதி ஆசிரமத்துல பிழைக்க வழியில்லாமத் துடிச்ச ஒரு கன்றுக்குட்டிக்கு டாக்டரை வச்சு ஊசி போடச் செய்தார். அகிம்சை பேசுறவர் இப்படிச் செய்யலாமான்னு திட்டி ஏகப்பட்ட கடிதம் வந்தது. துடிக்கிறதைப் போக்க வேற வழியே இல்லைன்னா இதுவும் அகிம்சைதான்னு பத்திரிகையிலயே எழுதினார்.

கிராமத்துல நாங்க 'விதி'ன்னு சொல்லி ஒதுங்கிக்கிறோம். பட்டணத்துல சிலர், பிரிய மனசில்லாம, வைத்தியம் பலிக்காதுன்னு தெரிஞ்ச பிறகும் இழுக்கிறாங்க. ரெண்டுலயும் நாம நம்மளைத்தான் பார்க்கிறோம், நாயைப் பார்க்கல. செலவுக்குப் பயந்து முதல் இருமல்லயே ஊசி கேட்கிறதும் அதே கணக்குதான்.

நாலாம் நாள் காலையில டாக்டர் தோட்டத்துக்கே வந்தார். முதல்ல மயக்க ஊசி; மணி என் மடியில அசந்தது. அடுத்த ஊசியில மூச்சு அடங்குச்சு.

பெரியப்பா, ஊசி போட்டது பாவமில்லை. அந்த மூணு நாள் இருக்கே, அதுக்குத்தான் என்கிட்டப் பதில் இல்லை.