கிரேக்கர் அறியாத கிரேக்கப் பதம்

சென்ற மாதம் புதுவையில் ஒரு நண்பரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவருடைய பேரக் குழந்தைக்குச் சுரம். பாட்டியம்மாள் புறங்கையால் நெற்றியைத் தொட்டு, "உடம்பு காய்கிறதே!" என்று பதறினார். மருமகள் தெர்மாமீட்டரைப் பார்த்து, "முப்பத்தொன்பது, அத்தை" என்றாள். நூற்றிரண்டு, நூற்றுமூன்று என்றே கேட்டுப் பழகியவர் பாட்டியம்மாள். "அவ்வளவுதானா!" என்று நிம்மதியாக அடுக்களைக்குத் திரும்பிவிட்டார். கை அறிந்ததை எண் மறைத்துவிட்டது!

39 பாகை செல்சியஸ் என்பது 102.2 பாகை பாரன்ஹீட். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவைக்குச் செல்சியஸ் பழைய உறவு. சுற்றிலுமிருந்த ஆங்கிலேயர் சீமையிலோ பாரன்ஹீட்டே வழங்கிற்று. அளவுகள் இரண்டாயினும் கருவியின் பெயர் ஒன்றுதான்.

அப்பெயரின் வரலாறு வேடிக்கையானது. கிரேக்க பாஷையில் 'தெர்மோஸ்' என்றால் வெப்பமுடையது; 'மெத்ரோன்' என்றால் அளவு. ஆயினும் பண்டைக் கிரேக்கர் எவரும் இப்பதத்தைக் கேட்டதில்லை. 1620-களில் லெரெஷோன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இரு சொற்களையும் ஒட்டி இதனை ஆக்கினார் என்பர். 'வெப்பமானி' என்றால் செயற்கைச் சொல் என்று நகைக்கும் அன்பர்கள் இதனைச் சற்றே சிந்திப்பார்களாக. 1916-இல் சேலத்தில் ராஜாஜி முதலியோர் தமிழில் சாஸ்திரச் சொற்கள் காண முயன்றபோது, புதுவையில் வாழ்ந்த பாரதியார் அம்முயற்சியைப் பற்றி எழுதினார். லெரெஷோனுக்கு உள்ள உரிமை நமக்கு இல்லையா?

நோயின் பெயருக்கோ நாம் எவரிடமும் கடன்பட வேண்டுவதில்லை. 'சுரம்' வடமொழி 'ஜ்வர'த்தின் தமிழ் வடிவம். (பாலை நிலத்துச் 'சுரம்' வேறு, இரண்டையும் குழப்பலாகாது.) 'காய்ச்சல்' நம் சொந்தச் சொல். வெயில் காய்கிறது, நிலவு காய்கிறது, உடம்பும் காய்கிறது. பிரெஞ்சுக்காரர் கூறும் 'பியேவ்ர்', லத்தீன் 'பெப்ரிஸ்' என்பதன் வழிவந்தது. ரோமானியர் அப்பெயரால் ஒரு பெண் தெய்வத்திற்குக் கோயிலே எடுத்திருந்தனர். மாரியம்மனை வணங்கும் நமக்கு இதில் வியப்பில்லை.

செல்சியஸ் எண்ணை ஒன்பதால் பெருக்கி, ஐந்தால் வகுத்து, முப்பத்திரண்டைக் கூட்டினால் பாரன்ஹீட் கிடைக்கும். 38 பாகையிலேயே காய்ச்சல் என்பர் வைத்தியர். மூன்று மாதத்திற்குட்பட்ட சிசுவாயின் அவ்வளவிலேயே தாமதமின்றி வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

நாம் விடைபெறுகையில் மருமகள் ஒரு காகிதத்தில் 38–100.4, 39–102.2, 40–104 என்று எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தாள். எழுத்தைப் பெரிதாக எழுதச் சொல்லி அருகில் நின்றார் பாட்டியம்மாள்.