படுகொலை எது?

1901 செப்டம்பர் 28, காலை. பிலிப்பைன்ஸின் சமார் தீவில் பலங்கிகா என்ற சிற்றூர். ஊரில் முகாமிட்டிருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் காலைச் சாப்பாட்டில் இருந்தார்கள். பெரும்பாலோர் கையில் துப்பாக்கி இல்லை. ஊர்க் காவல் தலைவர் வலேரியானோ அபனாடோர் ஓர் அமெரிக்கக் காவலாளியின் துப்பாக்கியைப் பிடுங்கி அவனையே அடித்தார். தேவாலய மணி அடித்தது. போலோ என்கிற வெட்டரிவாளோடு ஊர் பாய்ந்தது. 74 சிப்பாய்களில் 48 பேர் செத்தார்கள். அமெரிக்கர்கள் இதற்கு வைத்த பெயர் 'படுகொலை'. ஊர் ஆண்களைக் கூடாரத்தில் அடைத்துக் கட்டாய வேலை வாங்கி, வீட்டு அரிசியிலும் கைவைத்தவர்களுக்கு மாலை மரியாதையா கிடைக்கும்? அந்தச் சொல்லை நான் பின்னால் நடந்ததற்கே வைப்பேன். ஆயுதம் தூக்கக்கூடிய எவரையும் கொல்லுங்கள் என்றார் அமெரிக்க ஜெனரல் ஜேக்கப் ஸ்மித். வயது வரம்பு கேட்டதற்கு அவர் சொன்ன எண் பத்து. ராணுவ நீதிமன்றம் அவருக்குத் தந்தது ஒரு கண்டிப்பு. பிறகு ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஓய்வு கொடுத்து அனுப்பினார், அவ்வளவுதான். அமெரிக்கர்கள் வெற்றிச் சின்னமாகத் தூக்கிப்போன மூன்று தேவாலய மணிகளில் இரண்டு அமெரிக்காவின் வயோமிங் படைத்தளத்தில் கிடந்தன, ஒன்று தென்கொரியாவில் இருந்த அமெரிக்கப் படையிடம். அவை பலங்கிகாவுக்குத் திரும்பியது 2018 டிசம்பரில்.